பிரிமணை

1985ஆம் வருஷம், ஆடி மாதம். வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில், பிள்ளை பெற்று பதினெட்டு நாளான பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடியில் ஏதோ வைத்திருக்கிறாளே என்று குனிந்து பார்த்தால், பிரிமணை. வைக்கோலைப் பிரியாக முறுக்கி வளையமாகச் சுற்றி, உருண்டை அடிப் பானை சாயாமலிருக்கக் கீழே வைப்பார்களே, அது.

"என்னம்மா இது, பானை உக்கார்ற எடத்துல நீ உக்காந்திருக்க?" என்று சிரித்தேன்.

பதில் உள்ளேயிருந்து வந்தது. அந்த ஊர் மருத்துவச்சி ஆயா அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். "வெறுந்தரையில உக்கார முடியலங்குறா நர்சம்மா. நடுவுல முள்ளு குத்துதாம். அதான் நடுவ வெறும்னே உட்டுட்டேன். சதை ரெண்டு பக்கமும் தாங்கிக்கும்."

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. துணைச் செவிலியர் பயிற்சி முடித்து, வேலையில் சேர்ந்து ஒரு வருஷம். படித்தவள் என்ற மிதப்பு. புண்ணில் சீழ் இருக்கிறதா பார்த்தேன், இல்லை. காய்ச்சல் இல்லை. "தாயும் சேயும் நலம்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த மூன்று சொற்களில் பாதி பொய் என்று எனக்குத் தெரிய பதினைந்து வருஷம் ஆனது.

ஊர்ப் பெயர்களை எழுதப் போவதில்லை. அந்தப் பெண்களின் பேத்திகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. என் பங்குக்கு ஆறு ஊர், அவற்றின் காலனித் தெருக்கள், நடுவே இரண்டு வாய்க்கால். கையில் தடுப்பூசிப் பெட்டி, தோளில் பை, அதில் தராசு, இரும்புச்சத்து மாத்திரை, பதிவேடுகள். கர்ப்பிணிக்கு ஒரு பதிவேடு, தடுப்பூசிக்கு ஒன்று, பிறப்பு இறப்புக்கு ஒன்று, தகுதியுள்ள தம்பதியர் என்று ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ராஜா. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மாதம் இத்தனை 'கேஸ்' கொண்டுவர வேண்டும் என்ற இலக்கு 1996 வரைக்கும் எங்கள் கழுத்தில் தொங்கியது. ஒரு பெண்ணின் இடுப்புக்குக் கீழே அரசாங்கத்துக்கு என்ன அக்கறை என்று கேட்டால், என் அனுபவத்தில் இரண்டே பதில்: பிள்ளை வெளியே வர வேண்டும், அப்புறம் வரக் கூடாது. அந்த இடம் வலிக்கிறதா என்பதற்குக் கட்டம் கிடையாது.

ஆனால் பெண்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். சொல்லுக்குப் பஞ்சமா? கடுக்குது. சுள்ளுங்குது. மொளகா அரைச்சுத் தடவுன மாரி எரியுது. கரண்ட் புடிச்ச மாரி வெட்டுது. எங்கே என்றால் மட்டும் கை காட்ட மாட்டார்கள். "கீழ", "அங்க", "அடியில". நேராக இதையும் சொல்லிவிட மாட்டார்கள். முதலில் "வெள்ளைபடுது நர்சம்மா" என்பார்கள். வெள்ளைபடுதல் என்பது வாசற்படி. அதை மிதித்துத்தான் உள்ளே வர முடியும். உள்ளே நாம் எவ்வளவு தூரம் கூட்டிப் போகிறோம் என்று நின்று பார்ப்பார்கள். நான் வாசலிலேயே மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஒருத்தி சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "வயல்ல நிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியல. கஞ்சி குடிக்க வரப்புல உக்காந்தா உயிர் போவுது. ராத்திரி படுத்துட்டா போயிடுது." நின்றால் இல்லை, உட்கார்ந்தால் வலி, படுத்தால் போகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி தன் நோயைச் சொல்ல முடியாது. உடம்புக்குச் சத்தில்லை என்று எழுதினேன்.

என்னைப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் மட்டும் இல்லை என்பது ஒரு ஆறுதல், மோசமான ஆறுதல். மராட்டியத்தில் கட்சிரோலிப் பக்கம் ராணி பங் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் லான்செட் இதழில் எழுதினார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவதொரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் உள்பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர்.

ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் நாவிதர் வீட்டுப் பெண். தஞ்சாவூர்ச் சீமையில் சவரம், வைத்தியம், பிரசவம் மூன்றும் ஒரே குடும்பத்துத் தொழில். ஆண் கத்தி பிடிப்பார், கட்டி கீறுவார், பச்சிலை தருவார். அவர் மனைவி பிள்ளை எடுப்பார். மருத்துவர் என்று அந்தச் சாதிக்குப் பெயர் வந்தது பட்டம் வாங்கி அல்ல. கூலி காசாக வராது. அறுவடையில் களத்து மேட்டில் நெல் தூற்றி அம்பாரம் போட்ட பிறகு, வெட்டியான், வண்ணார், தச்சர், நாவிதர் என்று ஒவ்வொருவருக்கும் இத்தனை மரக்கால் என்று அளந்து போடுவார்கள். அதற்குப் பெயர் சுதந்திரம். 1947க்கு முன்னாலேயே டெல்டாவில் சுதந்திரம் இருந்தது, நெல்லாக, என்று ஆயா சிரிக்காமல் சொல்வார். பிரசவத்துக்கென்று தனியாக ஒரு பழம்புடவை, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் அரிசி. ஆண் பிள்ளை என்றால் கொஞ்சம் கூட. குடியானத் தெருவிலும் அக்கிரகாரத்திலும் பிள்ளை எடுத்தவரை அதே வீடுகள் தீட்டு என்று கொல்லைப்புறமாகத்தான் அனுப்பும். சேரியில் பிரசவம் பார்க்க அங்கேயே ஒரு கிழவி உண்டு. ஆயா அங்கே போக மாட்டார். தாழ்த்தப்பட்டவரும் தனக்குக் கீழே ஒரு படி வைத்திருந்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

இந்தத் தொழிலின் வேர் எவ்வளவு ஆழம் என்று ஓய்வு பெற்ற பிறகு தேடினேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 1068 வாக்கில் வெட்டியது. அங்கே 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை இருந்தது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிப்பெண்கள், அவர்களோடு ஒரு நாவிதர். ஒவ்வொருவருக்கும் நெல் எவ்வளவு என்றுகூட கல்லில் இருக்கிறது. என்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் பணிப்பெண்கள் என்ன கேட்டார்கள், என்ன கண்டார்கள் என்பதற்குக் கல்லில் இடமில்லை. எனக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லாததைப் போலத்தான்.

தஞ்சாவூருக்கே வந்தால் இரண்டாம் சரபோஜி. 1798இலிருந்து 1832 வரை ஆண்டவர். ஆண்டவர் என்று சொன்னாலும் 1799க்குப் பிறகு கோட்டைக்கு வெளியே கும்பினியார் ஆட்சிதான். அதிகாரம் போன ராஜா புத்தகத்திலும் வைத்தியத்திலும் இறங்கினார். தன்வந்தரி மகால் என்று வைத்து, இங்கிலீஷ் வைத்தியம், சித்தம், ஆயுர்வேதம், யுனானி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார். கைகண்ட மருந்துகளைத் தமிழ்ப் பாட்டாக எழுதவைத்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்று சரசுவதி மகால் அவற்றை நோய்வாரியாகத் தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உரியவை அதில் உண்டு. கண் நோயாளிகளுக்கு அவர் வைத்த குறிப்பேடு இன்னும் அதிசயம்: யாருக்கு, என்ன கோளாறு, என்ன சிகிச்சை என்று எழுதி, அந்தக் கண்ணையே வர்ணத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். 200 வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு நோயாளியின் கண் படமாகிக் கோப்பில் ஏறியது. அதே ஊரில் அதே வருஷங்களில் உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்த பெண் எந்தக் கோப்பிலும் இல்லை. ராஜாவைக் குறை சொல்லவில்லை. கண்ணைக் காட்டலாம். இதை யாரிடம் காட்டுவது?

சத்திரங்களைப் பற்றி அவர் 1801இல் ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கர்களுக்குச் சோறு போடுவதோடு நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதையும், பிரசவ வலி கண்ட ஏழைப் பெண்களைக் கவனிப்பதையும் சொல்கிறார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. கதவுகளும் தூண்களும் பார்க்க வேண்டியவை. நான் அங்கே போனபோது எந்த அறையில் பெண்களைக் கிடத்தியிருப்பார்கள் என்றுதான் தேடினேன்.

பிறகு வெள்ளைக்காரன் காலம். எழும்பூரில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது; ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டோம் என்று பெண்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் மேரி ஷார்லீப் என்ற வெள்ளைக்காரி அங்கே படிக்க வந்தார். எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர் முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் வாங்கினார். தஞ்சாவூரில் மிராசுதார்கள் பணம் போட்டு எழுப்பிய ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி, இன்றும் பிரசவத்துக்குப் பேர் போனது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் கொண்டுவந்தது. அன்றிலிருந்து பதிவு செய்தவர் ஒரு கட்சி, ஆயாவின் மாமியார் போன்றவர்கள் இன்னொரு கட்சி. பதிவு செய்தவர்களின் பேத்தி நான். எங்கள் கட்சி ஜெயித்தது; அது வேண்டியதுதான். துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்து ஜன்னி கண்டு எத்தனை குழந்தைகள் போயின என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் ஆயாவும் உண்டு. பிள்ளை பிழைக்க வேண்டும், தாய் சாகக் கூடாது என்று ஓடிய ஓட்டத்தில் ஆயாவின் பிரிமணையைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. அவ்வளவுதான்.

பிரசவத்துக்கு அப்புறம் நடப்பது வீட்டுக்கு வீடு வேறு. மிராசுதார் வீட்டில் நாற்பது நாள். நல்லெண்ணெயும் மஞ்சளும் தடவி, ஆளைப் படுக்கவைத்து இடுப்பில் சூடாக வெந்நீர் அடிப்பார்கள். வயிற்றைப் பழம்புடவையால் இறுக்கிக் கட்டுவார்கள். தவிட்டை வறுத்து ஒத்தடம். சுக்கு, மிளகு, திப்பிலி, பனைவெல்லம் போட்டு இடித்துக் கிளறிய பிள்ளைபெத்தான் மருந்து. பூண்டுக் குழம்பு. நடக்கக்கூட விட மாட்டார்கள். பண்ணையாள் வீட்டில் இதில் கால்வாசி இருந்தால் அதிகம். குறுவை நடவு நேரத்தில் பெற்றவள் பதினைந்தாம் நாள் சேற்றில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நடவு என்றால் ஆண்கள் நாற்றுப் பறித்து முடி கட்டிப் போடுவார்கள், பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்ந்து நடுவார்கள். குலவை போட்டு இறங்கினால் ஏழு மணியிலிருந்து மத்தியானம் வரை இடுப்பு நிமிராது. ஒதுங்க இடம் கிடையாது, அடக்குவார்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். மேட்டூர் அணை 1934இல் வந்து ஜூன் 12 தண்ணீர் திறப்பது வழக்கமான பிறகு, எந்த மாதத்தில் எத்தனை கை வேண்டும் என்பது அணைக் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. பிரசவம் அந்தக் கணக்கைப் பார்த்து வருவதில்லை. 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற விவசாயச் சங்கத் தலைவர்கள் வந்து, பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் நிறுத்தினார்கள். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் இந்தியா முழுவதற்கும் பேறுகாலச் சட்டம் வந்தபோது அது தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும். நடவு ஆளுக்கு இல்லை. 1987இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு உதவித்தொகை தொடங்கியபோது தலைக்கு 300 ரூபாய். அந்த மணியார்டர் பாரத்தை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி.

நடவால்தான் அந்த வலி வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அதற்கு அத்தாட்சி இல்லை. கர்ப்பப்பை இறங்கியவர்கள் இருந்தார்கள், புண் உள்ளவர்கள் இருந்தார்கள், கல்லடைப்பு இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் நானும் பழையபடி வெள்ளைபடுதல் என்றே எழுதலாம்.

வைத்தியம் கிடைக்காத இடத்தில் சாமி. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய் மந்திரித்துத் தருவார்கள். என் பெண்கள் கர்ப்பத்தில் அதைத் தடவிக்கொள்ளாமல் வந்ததில்லை. பெற்ற பிறகு வரும் வலிக்குப் புன்னைநல்லூர் மாரியம்மன். கோயில் வாசலில் தகட்டில் அடித்த உருக்கள் விற்பார்கள். எது நோகிறதோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். கண் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது. ஒருத்தியோடு நான் போயிருந்தேன். தட்டைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். கடைக்காரர், "என்னா வேணும்மா?" என்றார். அவள் பேசாமல் முழு ஆள் உரு ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

என் கதைக்கு வருகிறேன். 1999இல் எனக்கு முப்பத்தேழு வயது. இரண்டாவது பிள்ளை ஆயுதம் போட்டு எடுத்தது. அப்போதிருந்தே லேசாக ஒரு குறுகுறுப்பு. பதினைந்து வருஷமாகக் கப்பி ரோட்டில் லேடீஸ் சைக்கிள். ஒருநாள் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ஊசியைச் சொருகியது போல. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன், சரியாகிவிட்டது. மறுநாளும் அதே. ஆறு மாதத்தில் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் நின்றுகொண்டு போனேன். மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் சுவரோரம் நிற்பேன். "என்ன சிஸ்டர், மரியாதையா?" என்று கேலி. கழிப்பறைக் கோப்பை மேல் உட்கார்ந்தால் மட்டும் வலிக்காது. சுகாதார செவிலிக்கு நிம்மதியான ஒரே ஆசனம் அது.

போகாத டாக்டர் இல்லை. ஸ்கேன் சுத்தம். சிறுநீர் சுத்தம். ஒருவர் மூலம் என்றார், ஒருவர் எலும்புத் தேய்மானம் என்றார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், நீங்களே நர்ஸ்தானே, உங்களுக்குத் தெரியாததா என்றார்கள். இன்னொருவர் வீட்டில் ஏதும் பிரச்சனையா என்று என் கணவரிடம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் சூதக வாயு என்றார். வாதம் எண்பது வகை என்று நம் வைத்திய நூல்கள் எண்ணுமே, வடமொழிச் சரகத்தின் பட்டியலில் குத வலியும் இடுப்பெலும்புக் கடுப்பும் தனித்தனியாக இருக்கின்றன. பழைய ஆட்கள் எண்ணியாவது வைத்தார்கள். உள்ளதைச் சொன்னால், அந்த நாட்டு வைத்தியர் ஒருவர்தான் வலி உண்டு என்று ஒத்துக்கொண்டவர்.

2009இல், வலிக்கென்றே தனிப்பிரிவு நடத்தும் ஒரு டாக்டர் ஐந்து நிமிஷத்தில் கேட்டது இதுதான்: உட்கார்ந்தால் வலிக்கிறதா, நின்றால் குறைகிறதா, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? நான் அழுதுவிட்டேன். அந்த மூன்று கேள்விக்கும் பதிலை ஒரு நடவு ஆள் வரப்பில் உட்கார்ந்து, கேட்காமலே எனக்குச் சொல்லியிருந்தாள்.

நரம்பின் பெயர் புடெண்டல். முதுகெலும்பின் அடியில் திரிக எலும்பின் 2, 3, 4ஆம் துளைகளிலிருந்து கிளம்பி, இரண்டு தசைநார்களுக்கு இடையே நுழைந்து, இடுப்பெலும்பின் ஒரு முள்ளைச் சுற்றி, உள்பக்கமாக ஒரு சின்ன மடிப்புக்குள் ஓடுகிறது. அந்த மடிப்பை 1836இல் எழுதி வைத்தவர் அயர்லாந்துக்காரர் ஆல்காக். அங்கிருந்து மூன்றாகப் பிரிந்து ஆசனவாய், அதற்கு முன்னுள்ள இடம், பிறப்புறுப்பு என்று போகிறது. எங்காவது நசுங்கினாலோ இழுபட்டாலோ உட்காரும்போது அது கத்தும். நெடுநேரம் முக்கிப் பெற்ற பிரசவத்தில் இழுபடலாம். சைக்கிள் சீட்டில் நசுங்கலாம்.

புடெண்டல் என்றால் என்ன என்று அகராதி பார்த்தேன். லத்தீனில் வெட்கப்படுவது. வெட்கப்பட வேண்டிய இடத்து நரம்பு. பெண்ணுறுப்புக்கு இருந்த அதே வேர்ச்சொல்லை 2019இல் உலக உடற்கூறியல் சொற்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நரம்புக்கு மட்டும் அப்படியே நிற்கிறது. "அங்க", "கீழ" என்று சொன்ன என் பெண்களைப் படிக்காதவர்கள் என்று நினைத்தேன். ஐரோப்பாவில் படித்தவர்களும் "அங்க" என்றுதான் எழுதியிருக்கிறார்கள், லத்தீனில்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. இந்த நரம்பு பிரசவ அறைக்குப் புதிதல்ல. 1908இலேயே ஜெர்மனியில் முல்லர் என்பவர் இதற்கு மரப்பு ஊசி போட்டுப் பிரசவம் பார்த்தார். ஆயுதம் போடும்போது அந்த முள்ளைக் கைவிரலால் தடவிக் கண்டுபிடித்து ஊசி போடுவது உலகம் முழுக்க டாக்டர்களுக்குப் பாடம். பிள்ளையை எடுக்க நரம்பை அடக்கத் தெரிந்தது. அதே நரம்பு பிறகு வருஷக்கணக்கில் கத்தும் என்று ஒரு நோயாக எழுதியது எப்போது? 1987இல், பிரான்சில், அமரென்கோ என்பவரும் கூட்டாளிகளும். யாரைப் பார்த்து? சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பார்த்து. 2006இல் நாந்த் நகரத்தில் கூடி, இந்த நோய் என்று சொல்ல ஐந்து அடையாளம் வகுத்து 2008இல் வெளியிட்டார்கள்: வலி அந்த நரம்பு போகும் இடத்தில் இருக்கும், உட்கார்ந்தால் கூடும், ராத்திரி எழுப்பாது, தொட்டால் உணர்ச்சி மரத்திருக்காது, நரம்பில் மரப்பு ஊசி போட்டால் தணியும். என் வரப்புக்காரி மூன்றைச் சொல்லிவிட்டாள், மற்ற இரண்டும் டாக்டர் பார்க்க வேண்டியது.

குணமாயிற்றா என்று கேட்பீர்கள். முக்கால் பாகம். சைக்கிளை விற்றேன். இரவில் ஒரு சின்ன மாத்திரை, மனச்சோர்வுக்குக் கொடுப்பதுதான், குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் கேட்கும். இரண்டு தடவை ஊசி. இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. எல்லோரும் இறுக்கச் சொல்வார்கள், எனக்கு அது வலியைக் கூட்டியது, விடக் கற்றுக்கொள்ளத்தான் ஒரு வருஷம் ஆனது. நாற்காலிக்கு ஒரு மெத்தை எழுதிக் கொடுத்தார் டாக்டர். நடுவில் வெட்டு விட்டது, கடையில் 1,400 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டதும் எனக்கு ஆயாவின் குரல் கேட்டது. நடுவ வெறும்னே உட்டுட்டேன்.

ஆயா 2003இல் போய்விட்டார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன்: பிரிமணையை யாரிடம் கற்றீர்கள், எத்தனை பேருக்குப் போட்டீர்கள், எத்தனை மாதத்தில் எழுந்தார்கள். அந்த 1985ஆம் வருஷத்துப் பெண்ணைப் போய்ப் பார்த்தேன். அவளுக்கு இப்போது பேரன் எடுத்தாகிவிட்டது. "அந்த வலியா? அது ஒரு வருசம் இருந்துச்சு நர்சம்மா. அப்புறம் போயிடுச்சு. யாருகிட்ட சொல்றது, நீங்களே சிரிச்சீங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். காப்பி கொடுத்தாள்.

இன்று தமிழ்நாட்டில் வீட்டில் பிள்ளை பெறுபவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். நடவுக்கு இயந்திரம் இறங்கிவிட்டது. ஆனாலும் போன மார்கழியில் ஒரு கல்யாணத்தில், மண்டபம் நிறைய நாற்காலி இருக்க, சுவரோரம் நின்று சாப்பிட்ட இரண்டு பெண்களைக் கண்டேன். ஒருத்தி ஐடி கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவள். இப்போது பணியிலிருக்கும் கிராம சுகாதார செவிலியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வெள்ளைபடுது என்று வருபவளிடம், புண்ணும் காய்ச்சலும் பார்த்த பிறகு, கூட ஒரு கேள்வி கேளுங்கள்: "உக்காந்தா கூடுதா, படுத்தா கொறையுதா?" பதிவேட்டில் கட்டம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுங்கள்.

பிரிமணை முறுக்க நல்ல வைக்கோல் வேண்டும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோல் நைந்து துண்டு துண்டாகத்தான் வருகிறது, பிரி நிற்பதில்லை. பழைய நெல் ரகங்கள் போடும் ஒருவர் மாப்பிள்ளைச் சம்பாவைக் கையால் அறுத்து ஒரு கட்டுக் கொடுத்தார். ஆள் உயர வைக்கோல். தண்ணீர் தெளித்து ஊறவைத்து மூன்று பிரிமணை முறுக்கினேன். ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். ஒன்று கல்யாணத்தில் பார்த்த பெண்ணுக்குப் போயிற்று. மூன்றாவது திண்ணையில் கிடக்கிறது.